சிறிய அறையில் மேசைக் காணொளிக்கு லென்ஸ் தேர்ந்தெடுத்தல்

மேசைக் காணொளி என்பது ஒருவர் மேசையின் முன் அமர்ந்து செய்யும் வேலையையோ அவர் தரும் விளக்கத்தையோ படமாக்கும் காணொளி ஆகும். கணக்குப் போட்டுக் காட்டும் ஆசிரியர், கைக்கடிகாரத்தைப் பிரித்துக் காட்டுபவர், பூவேலை கற்றுத்தருபவர், புதுப் புத்தகத்தைப் புரட்டிப் பேசுபவர் என்று பலர் இதை வீட்டிலேயே எடுக்கின்றனர். இவர்களுக்குப் பெரும்பாலும் தனி ஸ்டுடியோ கிடையாது. படுக்கையறையின் ஒரு மூலையோ பத்தடிக்குப் பத்தடி அறையோதான் கிடைக்கிறது. ஆகவே லென்ஸ் வாங்கும்போது, எந்த லென்ஸ் சிறந்தது என்பதைவிட அந்த அறை எவ்வளவு தொலைவை அனுமதிக்கிறது என்பதே முதலில் தீர்க்கப்பட வேண்டிய கேள்வியாகிறது. இதைப் பாராமல் வாங்கப்படும் லென்ஸ், தரத்தில் குறையில்லாததாக இருந்தும் பயன்படாமல் பையிலேயே கிடக்கும்.

மேசைக் காணொளியில் இரண்டு கோணங்கள் வழக்கத்தில் உள்ளன. ஒன்று, பேசுபவரின் முகமும் மேசையும் தெரிய எதிரிலிருந்து எடுப்பது. மற்றொன்று, கைகளும் தாளும் மட்டும் தெரிய நேர் மேலிருந்து எடுப்பது. இரண்டுக்கும் ஒரே லென்ஸ் போதுமா என்பது கீழே வரும் கணக்கிலிருந்து தெரியும்.

குவியத் தொலைவும் படத்தில் அடங்கும் அகலமும்

லென்ஸின் மேல் 16, 24, 35, 50 என்று பொறிக்கப்பட்டிருக்கும் எண் அதன் குவியத் தொலைவை மில்லிமீட்டரில் குறிக்கிறது. பத்தாம் வகுப்பு ஒளியியல் பாடத்தில் வரும் அதே குவியத் தொலைவுதான் இது. கேமராவில் பல லென்ஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தாலும், அவை அனைத்தும் சேர்ந்து ஒரு குவி லென்ஸைப் போலச் செயல்படுவதாகக் கொண்டு இந்த எண் தரப்படுகிறது.

லென்ஸுக்கு முன்னால் உள்ள காட்சியும் பின்னால் பட உணரியில் விழும் பிம்பமும் இரண்டு வடிவொத்த முக்கோணங்களை உண்டாக்குகின்றன. எனவே கணக்கு எளியது. உணரியின் அகலத்தைப் பொருள் இருக்கும் தொலைவால் பெருக்கி, குவியத் தொலைவால் வகுத்தால், படத்தில் அடங்கும் அகலம் கிடைக்கும். ஏபிஎஸ்-சி எனப்படும் உணரியின் அகலம் சோனி, நிக்கான், ஃபியூஜிஃபில்ம் கேமராக்களில் சுமார் 23.5 மி.மீ.; கேனான் கேமராக்களில் சற்றுக் குறைவாக 22.3 மி.மீ. வீட்டில் காணொளி எடுக்கப் பலர் வாங்குவது இந்த அளவு உணரி கொண்ட கேமராவைத்தான் என்பதால், இக்கட்டுரையின் கணக்குகள் எல்லாம் 23.5 மி.மீ. அகலத்துக்கே போடப்பட்டுள்ளன.

எடுத்துக்காட்டாக, 50 மி.மீ. லென்ஸுடன் 2 மீட்டர் தொலைவில் நின்றால் 23.5 × 200 ÷ 50 = 94 செ.மீ. அகலம் படத்தில் அடங்கும். 16:9 விகிதக் காணொளியில் உயரம் 53 செ.மீ. மட்டுமே. இதில் தலையும் மார்பும் அடங்கும், மேசை அடங்காது.

50 மி.மீ. என்ற பழக்கம்

முதலில் 50 மி.மீ. லென்ஸை வாங்குங்கள் என்பது ஒளிப்படம் கற்பவர்களுக்கு நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் அறிவுரை. இதற்கு ஒரு வரலாறு உண்டு. ஜெர்மனியின் வெட்ஸ்லர் நகரில் இயங்கிய லைட்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஆஸ்கர் பர்னாக், திரைப்படச் சுருளைப் பயன்படுத்தும் சிறு கேமரா ஒன்றை வடிவமைத்தார். திரைப்படத்தின் 18 × 24 மி.மீ. சட்டகத்தை இரட்டித்து 24 × 36 மி.மீ. ஆக்கினார். லைகா என்ற பெயரில் 1925-இல் விற்பனைக்கு வந்த அக்கேமராவுக்கு மாக்ஸ் பெரெக் 50 மி.மீ. லென்ஸை வடிவமைத்துத் தந்தார். 24 × 36 சட்டகத்தின் மூலைவிட்டம் சுமார் 43 மி.மீ. குவியத் தொலைவு மூலைவிட்டத்துக்கு அருகில் இருந்தால் படம் இயல்பாகத் தோன்றும் என்பது பொதுவான கருத்து. அதனால் 50 மி.மீ. லென்ஸுக்கு 'நார்மல் லென்ஸ்' என்ற பெயர் நிலைத்தது.

அந்த அறிவுரை 36 மி.மீ. அகலச் சட்டகத்துக்கு உரியது. ஏபிஎஸ்-சி உணரியின் மூலைவிட்டம் சுமார் 28 மி.மீ. தான். அதில் 50 மி.மீ. லென்ஸைப் பொருத்தினால், முழுச்சட்டகக் கேமராவில் 75 மி.மீ. லென்ஸ் காட்டும் குறுகிய காட்சியே கிடைக்கும். திறந்த வெளியில் ஒருவரை மார்பளவு படமெடுக்க அது அருமையான லென்ஸ். அறைக்குள் வந்தால் பின்னால் நகர இடம் இருக்காது. இருந்தும் எஃப்/1.8 ஒளித்துளை கொண்ட 50 மி.மீ. லென்ஸ்கள் விலை குறைவானவை, பின்னணியை அழகாக மங்கவைப்பவை என்பதால், முதல் லென்ஸாக இதையே வாங்கி ஏமாறுபவர்கள் பலர்.

எதிரிலிருந்து எடுக்கும்போது

பத்தடி அறை என்றால் சுவருக்குச் சுவர் 305 செ.மீ. இந்தத் தொலைவு முழுவதும் கேமராவுக்குக் கிடைப்பதில்லை. நாற்காலியில் அமர்ந்திருப்பவரின் முகம் பின்சுவரிலிருந்து 60 செ.மீ. ஆவது தள்ளி இருக்கும். எதிர்ப்பக்கம் டிரைபாடின் கால்களும் கேமராவும் 45 செ.மீ. எடுத்துக்கொள்ளும். மீதி 200 செ.மீ. அந்தச் சுவரோரம் ஒரு பீரோவோ கட்டிலோ இருந்துவிட்டால் 150 செ.மீ. தேறினாலே பெரிது. லென்ஸ் வாங்குவதற்கு முன் அளக்க வேண்டியது இந்தத் தொலைவைத்தான். அளவுநாடாவின் ஒரு முனையை அமர்ந்திருப்பவரின் மூக்கருகே பிடித்து, மறுமுனையைக் கேமரா நிற்கக்கூடிய கடைசி இடம்வரை இழுத்தால் போதும்.

முகத்துடன் இரு தோள்களும் மேசையின் பெரும்பகுதியும் தெரிய வேண்டுமானால் முகம் இருக்கும் இடத்தில் 120 செ.மீ. அகலம் தேவைப்படும். மேலே சொன்ன கணக்கின்படி, 16 மி.மீ. லென்ஸுக்கு 82 செ.மீ., 24 மி.மீ. லென்ஸுக்கு 123 செ.மீ., 35 மி.மீ. லென்ஸுக்கு 179 செ.மீ., 50 மி.மீ. லென்ஸுக்கு 255 செ.மீ. தொலைவு வேண்டும். 200 செ.மீ. கிடைக்கும் அறையில் 35 வரை போகலாம். 150 செ.மீ. மட்டுமே கிடைத்தால் 24 பொருந்தும். 50 இரண்டிலும் பொருந்தாது.

அப்படியானால் 16 மி.மீ. வாங்கிவிட்டால் எந்த அறையிலும் பயமில்லையே என்று தோன்றும். சின்ன அறை என்றால் 'வைடு' லென்ஸ் என்று கடைகளில் சொல்வதும் இதனால்தான். இது 50-க்கு நேரெதிரான தவறு. அகன்ற லென்ஸைப் பொருத்தியதும், காட்சியை நிரப்பக் கேமராவை முகத்துக்கு நெருங்க வைக்க நேர்கிறது. அந்த நெருக்கம்தான் உருவத்தைக் கெடுக்கிறது. பொருள்கள் எவ்வளவு பெரிதாகத் தோன்றும் என்ற ஒப்பீடு தொலைவைப் பொறுத்தது. மேசைமேல் நீட்டிய கை முகத்துக்கு 45 செ.மீ. முன்னால் இருப்பதாகக் கொள்வோம். கேமரா 82 செ.மீ. தொலைவில் இருந்தால் கைக்கும் கேமராவுக்கும் இடையே 37 செ.மீ. தான். ஆகவே கை, முகத்தின் அளவோடு ஒப்பிட 2.2 மடங்கு பெரிதாக விழும். அதே கேமரா 179 செ.மீ. தொலைவில் 35 மி.மீ. லென்ஸுடன் நின்றால் இந்த விகிதம் 1.3 ஆகக் குறைந்துவிடும். முகத்துக்குள்ளேயும் இதே கதை. மூக்கு, காதைவிடக் கேமராவுக்கு அருகில் இருப்பதால் நெருங்கி எடுக்க எடுக்க மூக்கு புடைத்துத் தெரியும்.

இதை லென்ஸின் குறை என்று பலரும் நினைக்கின்றனர். அதே 16 மி.மீ. லென்ஸை 179 செ.மீ. தொலைவுக்குக் கொண்டுபோய், எடுத்த படத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டிப் பார்த்தால் 35 மி.மீ. லென்ஸ் காட்டிய அதே முகம் கிடைக்கும். உருவச் சிதைவு கேமரா நிற்கும் இடத்திலிருந்து வருகிறது. லென்ஸ் அந்த இடத்தில் போய் நிற்கச் செய்கிறது, அவ்வளவே. ஒன்று மட்டும் லென்ஸுக்கே உரியது: அகன்ற லென்ஸின் சட்டக ஓரத்தில் விழும் முகம் பக்கவாட்டில் இழுபட்டுத் தெரியும். இருவர் அருகருகே அமர்ந்து பேசும் காணொளிகளில் இதைக் காணலாம்.

அகன்ற லென்ஸுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. அது அறையைப் பொறுத்தது. 82 செ.மீ. தொலைவில் 16 மி.மீ. லென்ஸ் வைத்தால், முகத்துக்கு 60 செ.மீ. பின்னால் உள்ள சுவரில் 208 செ.மீ. அகலம் படத்தில் விழும். 179 செ.மீ. தொலைவில் 35 மி.மீ. வைத்தால் அதே சுவரில் 160 செ.மீ. தான் விழும். கொடியில் காயும் துணியையும் காலண்டரையும் மறைக்க அந்த அரை மீட்டர் உதவும்.

இந்தக் கோணத்துக்கு ஏபிஎஸ்-சி கேமராவில் 24 முதல் 35 மி.மீ. வரை உள்ள லென்ஸே ஏற்றது. முழுச்சட்டகக் கேமராவில் இதற்கு ஈடு சுமார் 36 முதல் 50 வரை, 17.3 மி.மீ. அகலமுள்ள மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் உணரியில் சுமார் 18 முதல் 25 வரை.

மேலிருந்து எடுக்கும்போது

நேர் மேலிருந்து எடுப்பது எளிதுபோலத் தோன்றும். உண்மையில் இங்கேதான் சிக்கல்கள் மிகுதி. திறந்து வைத்த நோட்டுப் புத்தகமும் பக்கத்தில் அளவுகோலும் பேனாவும் கைகள் அசைய இடமும் சேர்த்து 60 செ.மீ. அகலம் வேண்டும் என்று கொள்வோம். உயரம் தானாகவே 34 செ.மீ. ஆகும். இதற்குக் கணக்குப்படி 16 மி.மீ. லென்ஸுக்கு 41, 24-க்கு 61, 35-க்கு 89, 50-க்கு 128 செ.மீ. தொலைவு வேண்டும். பொருள் இவ்வளவு நெருக்கமாக இருக்கும்போது எளிய கணக்கில் சிறு பிழை வரும். தாளிலிருந்து உணரிவரை உள்ள தொலைவைக் காண, வந்த விடையுடன் குவியத் தொலைவின் இரு மடங்கைக் கூட்டிக்கொள்ள வேண்டும். அப்போது இவை முறையே 44, 66, 96, 138 செ.மீ. ஆகும்.

வழக்கமான மேசையின் உயரம் 75 செ.மீ. எனவே 50 மி.மீ. லென்ஸுடன் கேமரா தரையிலிருந்து 213 செ.மீ. உயரத்தில் தொங்க வேண்டும். அங்கே இருக்கும் கேமராவின் திரையைப் பார்க்க நாற்காலிமேல் ஏற வேண்டியிருக்கும்; சுழலும் மின்விசிறியும் அந்த உயரத்துக்கு வெகு தூரத்தில் இல்லை. 35 மி.மீ. லென்ஸுக்கு 171 செ.மீ. போதும். அமர்ந்திருப்பவரின் தலைக்கு மேலே கேமரா இருக்கும். குனிந்து எழுதினால் தலை படத்துக்குள் வந்துவிடும். 24 மி.மீ. லென்ஸுடன் 141 செ.மீ. உயரம். கேமரா நெற்றிக்குச் சற்று முன்னால், மேலே இருக்கும். தலை படத்தில் விழாது, திரையும் கண்ணுக்கு எட்டும். பெரும்பாலான மேசைகளுக்கு இதுவே வசதி.

16 மி.மீ. லென்ஸுடன் உணரி தாளிலிருந்து 44 செ.மீ. உயரத்தில் இருக்கும். லென்ஸின் நீளத்தைக் கழித்தால் அதன் முகப்புக்கும் தாளுக்கும் இடையே ஏறத்தாழ ஓரடி மட்டுமே மிஞ்சும். எழுதுபவர் தன் தாளைத் தானே பார்க்க முடியாதபடி கேமரா மறைக்கும். தாளிலிருந்து 10 செ.மீ. உயர்ந்திருக்கும் புறங்கை, தாளில் உள்ள எழுத்தோடு ஒப்பிட 1.3 மடங்கு பெருத்துத் தெரியும். 20 செ.மீ. உயரமுள்ள ஒரு பாட்டிலை வைத்தால் அதன் மூடி, அடிப்பாகத்தைப் போல இரு மடங்கு பெரிதாகி வெளிப்பக்கம் சாய்ந்து விழும். 35 மி.மீ. லென்ஸில் கையின் பெருக்கம் 1.1 மடங்குதான். சமையல் பாத்திரம், சாலிடரிங் வேலை என உயரமான பொருள்களைக் காட்டுபவர்கள் 35-ஐயும், தாளில் எழுதுவதை மட்டும் காட்டுபவர்கள் 24-ஐயும் விரும்புவதற்குக் காரணம் இது.

மேலிருந்து எடுக்கும்போது லென்ஸின் 'குறைந்தபட்சக் குவியத் தூரம்' என்ற எண்ணையும் பார்க்க வேண்டும். இதைவிட நெருங்கினால் லென்ஸால் தெளிவான பிம்பம் தர முடியாது. இத்தூரம் லென்ஸின் முகப்பிலிருந்து அளக்கப்படுவதில்லை, உணரியிலிருந்து அளக்கப்படுகிறது. உணரி இருக்கும் இடத்தைக் காட்ட, பல கேமராக்களின் மேற்புறத்தில் வட்டத்தின் குறுக்கே கோடு போட்ட ஒரு குறி இருக்கும். கேனானின் 24 மி.மீ. எஃப்/2.8 எஸ்டிஎம் லென்ஸ் 16 செ.மீ. வரை நெருங்கும். சிக்மாவின் 30 மி.மீ. எஃப்/1.4 லென்ஸ் 30 செ.மீ. வரையும், சோனியின் 50 மி.மீ. எஃப்/1.8 ஓஎஸ்எஸ் லென்ஸ் 39 செ.மீ. வரையும் நெருங்கும். நோட்டுப் புத்தகத்தைக் காட்ட இவை எல்லாமே போதும். நாணயத்தையோ தபால்தலையையோ கடிகாரப் பல்சக்கரத்தையோ சட்டகம் நிறையக் காட்ட வேண்டும் என்றால்தான் இந்த எண் முட்டுக்கட்டை ஆகும். அவ்வேலைக்கு மேக்ரோ லென்ஸ் என்ற தனிவகை உள்ளது.

லென்ஸின் எடையும் இங்கே கணக்கில் வரும். சோனியின் 16–50 கிட் லென்ஸ் 116 கிராம் எடையுள்ளது. சிக்மாவின் 16 மி.மீ. எஃப்/1.4 லென்ஸ் 405 கிராம். நீட்டிய கம்பியின் நுனியில் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். கம்பியை எழுதும் மேசையிலேயே இறுக்கினால், ஒவ்வொரு எழுத்துக்கும் படம் ஆடும். கம்பியைப் பக்கத்து அலமாரியிலோ தனி டிரைபாடிலோ பொருத்துவதே சரி. எப்படிப் பொருத்தினாலும், கழன்றால் விழாதபடி ஒரு பாதுகாப்புக் கயிறு கட்டிவிட வேண்டும். கீழே இருப்பது ஒருவரின் கையும் தலையும்.

ஒளித்துளை பற்றிய மயக்கம்

லென்ஸின் விலையை உயர்த்துவது பெரும்பாலும் அதன் ஒளித்துளை. எஃப்/1.8, எஃப்/1.4 என எண் சிறியதாக ஆக, துளை பெரிதாகி ஒளி மிகுதியாக உள்ளே வரும். எஃப்/5.6 உடன் ஒப்பிட எஃப்/1.8 ஏறத்தாழ பத்து மடங்கு ஒளியைத் தரும். மங்கலான அறையில் இது பெரிய வரம்போலத் தோன்றும். ஆனால் துளை பெரிதாகும்போது, தெளிவாகத் தெரியும் பகுதியின் ஆழம் குறைகிறது.

மேலே சொன்ன 60 செ.மீ. அகல மேசைக் காட்சியில், எஃப்/1.8 வைத்தால் தெளிவான பகுதியின் மொத்த ஆழம் சுமார் 5 செ.மீ. தாளில் எழுத்து தெளிவாக இருக்கும். அதற்கு மேலே உயர்ந்திருக்கும் விரல்முட்டியும் பேனாவின் பின்முனையும் மங்கும். எஃப்/5.6 வைத்தால் ஆழம் சுமார் 15 செ.மீ. ஆகும், கை முழுவதும் தெளிவாக வரும். அகன்ற லென்ஸ் போட்டால் ஆழம் கூடுமே என்று சிலர் வாதிடுவதுண்டு. அதே உணரியில் அதே அகலம் சட்டகத்தை நிரப்ப வேண்டும் என்றால், லென்ஸ் மாறும்போது தொலைவும் மாறிவிடுகிறது. இரண்டும் ஏறக்குறைய ஈடுசெய்துகொள்ள, ஆழம் பெரும்பாலும் ஒளித்துளையின் எண்ணையே சார்ந்து நிற்கிறது.

எதிர்க்கோணத்திலும் இதே நிலைதான். 120 செ.மீ. அகலக் காட்சியில் எஃப்/1.8 தரும் ஆழம் 20 செ.மீ. கூட இல்லை. பேசுபவர் ஒரு பொருளைக் கேமராவை நோக்கி நீட்டினால் பொருளோ முகமோ ஒன்றுதான் தெளிவாக இருக்கும். எஃப்/4-இல் ஆழம் 40 செ.மீ.க்குச் சற்று மேல். ஆகவே மேசைக் காணொளியில் மிகுதியாகப் பயன்படும் துளை எஃப்/4 முதல் எஃப்/8 வரைதான். எஃப்/1.4-க்காகக் கொடுக்கும் கூடுதல் பணம் இங்கே பெரும்பாலும் வீண். அதே பணத்தில் ஒரு நல்ல எல்இடி விளக்கும் அதை மென்மையாக்கும் வெள்ளைத் துணியும் வாங்கினால் எந்த லென்ஸிலும் படம் தேறும். சிறிய அறை இதில் மட்டும் நன்மை செய்கிறது. விளக்கை மேசைக்கு அருகில் வைக்க முடிவதால் குறைந்த வாட்டிலேயே வேலை முடிந்துவிடும்.

விளக்கு பற்றி ஒரு சொல். இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். எனவே 25 பிரேம் வேகமும் 1/50 நொடி ஷட்டரும் வைத்தால் விளக்கின் சிமிட்டல் படத்தில் ஓடும் கோடுகளாக விழாது. கனடா, அமெரிக்கா போன்ற 60 ஹெர்ட்ஸ் நாடுகளில் 30 பிரேமும் 1/60 நொடியும்.

கேமராவே வெட்டிக்கொள்ளும் அகலம்

அளந்து, கணக்குப் போட்டு, லென்ஸ் வாங்கி, பதிவு பொத்தானை அழுத்தியதும் காட்சி சட்டெனக் குறுகுவதைக் கண்டு திகைப்பவர்கள் உண்டு. சில கேமராக்கள் 4கே காணொளியில் உணரி முழுவதையும் பயன்படுத்துவதில்லை. சோனி இசட்வி-இ10 கேமரா 4கே-யில் 24, 25 பிரேம் வேகங்களில் முழு அகலத்தையும், 30 பிரேமில் அதைவிடக் குறுகிய பகுதியையும் பதிவு செய்கிறது. 30 பிரேமில் வெட்டு 1.23 மடங்கு. அதாவது 24 மி.மீ. லென்ஸ் ஏறத்தாழ 30 மி.மீ. லென்ஸ் போலக் காட்டும். 25 பிரேமில் எடுப்பதற்கு இது இன்னொரு காரணம். கேமராவே மின்னணு முறையில் ஆட்டத்தைச் சரிசெய்யும் வசதியும் ஓரங்களை வெட்டும். கேமரா அசையாமல் நிற்கும் மேசைக் காணொளிக்கு அது தேவையே இல்லை, அணைத்துவிடலாம்.

வெட்டு உள்ளதா என்பதை அறிய எளிய வழி, மேசையில் ஓர் அளவுகோலை வைத்து ஒளிப்பட முறையிலும் காணொளி முறையிலும் மாறி மாறிப் பார்ப்பது. முன்பு தெரிந்த 60 செ.மீ. இப்போது எத்தனை செ.மீ. ஆகிறது என்பதே விடை.

குவியப்படுத்தலும் ஓசையும்

மேலிருந்து எடுக்கும்போது தானியங்கிக் குவியத்தை அணைத்துவிடுவது நல்லது. தாள் நகர்வதில்லை, கை மட்டும்தான் குறுக்கே வந்துபோகிறது. ஒவ்வொரு முறை கை வரும்போதும் கேமரா கையை நோக்கிக் குவியத்தை நகர்த்தி, கை போனதும் தாளுக்குத் திரும்பும். பார்ப்பவருக்கு அது தலைவலி. சில லென்ஸ்களில் குவியம் மாறும்போது காட்சியின் அளவும் சிறிது விரிந்து சுருங்கும். ஒளிப்பட உலகில் இதை லென்ஸ் 'மூச்சுவிடுகிறது' என்பார்கள். எழுத்துள்ள தாளில் இது கண்ணை உறுத்தும். தாளில் ஒரு சொல்லை எழுதி, திரையில் பெரிதாக்கிப் பார்த்து, கையால் குவியத்தைச் சரிசெய்து அப்படியே விட்டுவிட வேண்டும்.

எதிர்க்கோணத்தில் முகத்தை அடையாளம் கண்டு குவியும் வசதி உதவும். பழைய லென்ஸ்களில் மோட்டார் ஓசை கேமரா மைக்கில் பதிவாகும். மைக்கைச் சட்டையில் மாட்டினால் இந்தக் கவலை குறையும்.

வாங்கும் முன் சோதிப்பது

கேமராவுடன் வந்த 16–50 அல்லது 18–55 கிட் லென்ஸைப் பலர் மதிப்பதில்லை. இதுவரை சொன்ன கணக்குகள் காட்டுவதுபோல் மேசைக் காணொளிக்கு வேண்டிய 24, 35 இரண்டும் அதற்குள்ளேயே அடங்குகின்றன. எஃப்/5.6 என்ற அதன் துளையும் இவ்வேலைக்கு ஏற்றதே. ஆகவே புதிதாக எதையும் வாங்குவதற்கு முன், ஒரு வாரம் கிட் லென்ஸிலேயே எடுத்துப் பார்க்க வேண்டும். கேமராவை அறையில் நிற்க முடிந்த இடத்தில் நிறுத்தி, காட்சி சரியாக அடங்கும்வரை ஜூம் வளையத்தைத் திருப்பி, ஒரு ஒளிப்படம் எடுத்தால், அந்தப் படத்தின் விவரப் பக்கத்தில் குவியத் தொலைவு பதிவாகியிருக்கும். அந்த எண்தான் அந்த அறைக்குரிய லென்ஸ். பிறகு ஏதாவது வாங்க நேர்ந்தாலும் அதே எண்ணைச் சுற்றித் தேடினால் போதும். ஜூம் லென்ஸைத் தலைகீழாகத் தொங்கவிடும்போது சிலவற்றில் முன்பகுதி தானே சரிந்து எண் மாறிவிடும். வளையத்தின்மேல் ஒரு துண்டு ஒட்டுநாடா ஒட்டிவிட்டால் தீரும்.

கேமராவே இன்னும் வாங்காதவர்கள் கைப்பேசியைக் கொண்டு சோதிக்கலாம். பெரும்பாலான கைப்பேசிகளின் முதன்மைக் கேமரா, முழுச்சட்டகக் கணக்கில் 24 முதல் 28 மி.மீ. வரையான காட்சியைத் தருகிறது. ஏபிஎஸ்-சி கணக்கில் இது 16 முதல் 18 மி.மீ. வரை. கைப்பேசியைப் புத்தக அடுக்கின்மேல் நிறுத்தி ஒரு நிமிடம் பேசி எடுத்துப் பார்த்தால், 16 மி.மீ. லென்ஸ் அந்த அறையை எப்படிக் காட்டும் என்பது செலவில்லாமல் தெரிந்துவிடும். திரையில் இரு மடங்கு பெரிதாக்கி எடுத்தால் ஏறத்தாழ 35 மி.மீ. லென்ஸின் காட்சி. இரண்டிலும் முகம் ஒரே அளவில் தெரியும்படி கைப்பேசியை முன்னும் பின்னும் நகர்த்தி எடுத்து, மூக்கையும் காதையும் கையையும் ஒப்பிட்டுப் பார்ப்பது மாணவர்களுக்கு நல்ல செய்முறைப் பயிற்சியும் ஆகும்.

பழைய லென்ஸை வாங்குபவர்கள், துளையை முழுதாகத் திறந்து, பின்புறமிருந்து கைப்பேசி விளக்கை அடித்துப் பார்க்க வேண்டும். கடலோர ஊர்களின் ஈரப்பதத்தில் லென்ஸின் உள்ளே பூஞ்சை பிடிப்பது வழக்கம். சிலந்தி வலைபோல் மெல்லிய கிளைகளாகத் தெரியும். அப்படி இருந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் விட்டுவிடுவதே மேல். வாங்கிய லென்ஸை, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளுடன் வைக்கலாம். தோல் உறைக்குள் போட்டு பீரோவில் பூட்டுவதுதான் பூஞ்சைக்கு மிகவும் பிடித்த இடம்.